புறம்போக்கில் இறங்கிய வாத்துகள்

மேலைக்காட்டின் ராஜா ஒரு காட்டெருது. அதன் பெயர் பெருந்திமில். உடம்பு பெரிது, பேச்சு அதைவிடப் பெரிது. அதற்கு ஆலோசனை சொல்ல வழுக்கன் என்றோர் உடும்பு இருந்தது. உடும்பின் நாக்கு பிளந்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வழுக்கன் அந்த இரண்டு நுனிகளையும் இரண்டு விதமாகப் பேசப் பழக்கி வைத்திருந்தது.

ஒரு குளிர்காலத்தில் பெரிய ஏரிக்கரையில் எல்லாக் காட்டு ராஜாக்களும் கூடின. கூட்டத்தைக் கூட்டியவை வரித்தலை வாத்துகள். பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் பறந்து வருகிறவை அவை. பல தேசத்துத் தண்ணீரைக் குடித்தவை. போகிற இடமெல்லாம் கழிச்சல் நோயில் குட்டிகள் சாவதைப் பார்த்து மனம் நொந்துதான் கூட்டம் போட்டன. அதில் பொய் இல்லை.

கழிச்சல் ஒன்றும் தீராத நோய் இல்லை. குளிப்பதும் புரள்வதும் குடிப்பதும் ஒரே குட்டையில் என்றால், மழைக்குப் பிறகு அது வரும். குட்டிகளுக்கு வயிறு போகும், கண் உள்ளே போகும், உடம்பு துவண்டுவிடும். சுத்தமான ஊற்றுத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு மண்ணும் கொஞ்சம் தேனும் கலந்து விடாமல் புகட்டினால் எழுந்து ஓடும். புகட்டாவிட்டால் செத்துப்போகும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா குட்டிகள் செத்தன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வாத்துகளின் தலைவிக்கு வரியாள் என்று பெயர். அது கூட்டத்தின் நடுவில் நின்று ஒரு வாசகம் சொன்னது.

"அடுத்த குறிஞ்சி பூப்பதற்குள், எந்தக் காட்டிலும் ஒரு குட்டியும் கழிச்சலால் இறக்காது. இதுவே நம் அனைவரின் இலக்கு."

ராஜாக்கள் எல்லாம் தலையாட்டின. குறிஞ்சி பூக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அவ்வளவு தள்ளி இருக்கிற எதற்குத்தான் ராஜாக்கள் தலையாட்டாது? ஈரக் களிமண்ணில் ஒவ்வொன்றும் கால் பதித்து ஒப்புக்கொண்டது. பெருந்திமில்தான் எல்லோரையும்விட ஆழமாகப் பதித்தது. அதன் எடைக்கு அது தானாகவே நடக்கும்.

காட்டுக்குத் திரும்பியதும் பெருந்திமில் முதல் வேலையாக ஒரு விழா நடத்தியது. இலக்கு விழா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பலாப்பழம் உடைத்தார்கள், மயில் ஆடியது, ராஜா பேசியது. மறு வருஷமும் அப்படியே. அதற்கு மறு வருஷமும் அப்படியே. ஒவ்வொரு விழாவிலும் வழுக்கன் வாசகத்தைப் படித்துக் காட்டியது, ராஜா இலக்கை நோக்கி வீறுநடை போடுவதாகச் சொன்னது. நடந்ததென்னவோ பலாப்பழத்தை நோக்கித்தான்.

நடுவில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. பாறையடியில் மண் மூடிக் கிடந்த ஊற்று ஒன்றைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கசிந்தது. தாய்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. அதற்குள் வழுக்கன் அதைச் சுற்றி முள்வேலி போடச் சொல்லிவிட்டது. அதற்கு மாதிரி ஊற்று என்று பெயராம். வாத்துகள் வந்து பார்க்கும்போது கலங்கியிருந்தால் காட்டுக்கு மரியாதை போய்விடுமாம். வேலிக்குக் காவலாகக் காட்டுப்பன்றிகளை நிறுத்தினார்கள். குட்டிகள் பழையபடி குட்டைக்கே போயின.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு நாள் காலையில் மேட்டில் மேயப்போன பெருந்திமில் திடுக்கிட்டு நின்றது. குறிஞ்சிச் செடிகளில் மொட்டு விட்டிருந்தது!

ராஜா விழுந்தடித்துக்கொண்டு வழுக்கனிடம் வந்தது. இத்தனை வருஷமும் ஒன்றும் செய்யவில்லையே, இந்த மழைக்கும் கழிச்சல் வந்துவிட்டதே, வாத்துகள் வந்து கேட்டால் மற்ற ராஜாக்கள் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று புலம்பியது. குட்டிகள் சாவதைப் பற்றி அது புலம்பவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வழுக்கன் பதற்றப்படவே இல்லை.

"ராஜா, அந்த வாசகத்த இன்னொரு தடவ சொல்லுங்க."

"எந்தக் காட்டிலும் ஒரு குட்டியும் கழிச்சலால் இறக்காது."

"எந்தக் காட்டிலும். நல்லாக் கேட்டுக்குங்க. காட்டுக்கு வெளிய செத்தா அதப் பத்தி வாசகத்துல ஒரு வார்த்தகூட இல்ல."

"காட்டுக்கு வெளிய ஏதுடா இடம்?"

"புறம்போக்கு இருக்கே, ராஜா."

மேலைக்காட்டுக்கும் கிழக்கே இருந்த கீழைக்காட்டுக்கும் நடுவில் ஒரு பொட்டல் நிலம் கிடந்தது. கல்லும் கள்ளியுமாக இருக்கும். நடுவில் ஒரு சேற்றுக்குட்டை. அது மேலைக்காட்டிலும் சேராது, கீழைக்காட்டிலும் சேராது. யாருக்கும் சொந்தமில்லை என்பதால் புறம்போக்கு என்று பெயர். அதுவரை அந்த நிலத்தை எந்த ராஜாவும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பெருந்திமிலுக்கு அது கண்ணில் பட்டது.

மறுநாளிலிருந்து காட்டுப்பன்றிகள் காடு முழுக்கச் சுற்றின. எந்தக் குட்டி துவண்டு கிடந்தாலும் அதையும் தாயையும் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டன. அதற்கு இடமாற்றுச் சிகிச்சை என்று வழுக்கன் பெயர் சூட்டியது. அயோக்கியத்தனத்துக்கு நல்ல பெயர் வைப்பதற்கென்றே சில பேர் பிறந்திருக்கிறார்கள்.

அந்தக் காட்டில் கிளுவை என்றொரு மந்தி இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. பெயர் மொக்கு. ஓயாமல் தாயின் வாலைப் பிடித்துத் தொங்குகிற குட்டி, ஒரு காலையில் வாலைப் பிடிக்கவில்லை. வயிறு போய்க்கொண்டே இருந்தது. கிளுவை ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மாதிரி ஊற்றுக்கு ஓடியது.

வேலிக்கு முன்னால் ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி குறுக்கே நின்றது.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி மட்டும் விடுங்க. உப்பு மண்ணும் தேனும் நான் கொண்டாந்திருக்கேன்" என்றது கிளுவை.

"உள்ள யாரையும் விடக் கூடாதும்மா. கலங்கிரும்."

"ஒரு கை தண்ணியில ஊத்து கலங்கிருமா, அண்ணே? வேணும்னா நீங்களே ஒரு இலையில மொண்டு குடுங்க. நான் கிட்டயே வரல."

பன்றி வேறு பக்கம் பார்த்தது. அதற்கும் வீட்டில் குட்டிகள் உண்டு. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான் என்று நினைத்துக்கொண்டது. பிறகு, புறம்போக்கில் எல்லா வசதியும் செய்து வைத்திருப்பதாகவும், அங்கே போனால் குட்டிக்குக் குணமாகிவிடும் என்றும் மென்று விழுங்கிக்கொண்டே சொன்னது. இன்னும் இரண்டு பன்றிகள் பின்னால் வந்து சேர்ந்தன. கிளுவை நடந்தது. வேறு என்ன செய்யும்?

புறம்போக்கில் வைத்தியமும் இல்லை, வைத்தியரும் இல்லை. தாய்கள்தான் இருந்தன. மான், முள்ளம்பன்றி, முயல், கரடி என்று கல்லுக்குக் கல் ஒரு தாய், அதன் மடியில் ஒரு குட்டி. அவ்வளவு கூட்டத்தை எந்தத் திருவிழாவிலும் கிளுவை பார்த்ததில்லை. பாதிக்கு மேல் அதற்குத் தெரியாத முகங்கள்.

ஒரு கள்ளிச் செடியின் நிழலில் நொச்சி என்ற பெண் நரி படுத்திருந்தது. கிளுவை அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"நீங்க எங்க காட்டுல இல்லையே, அக்கா. எங்கிருந்து வந்தீங்க?"

"கீழைக்காடு" என்றது நொச்சி. "எங்க ராஜாவும் அந்தக் களிமண்ணுல கால் வெச்சவர்தான். எங்க காட்டுலயும் இப்ப நோயே இல்லையாம்."

கிளுவைக்கு எல்லாம் புரிந்தது. ஒரு காட்டு ராஜாவுக்குத் தோன்றிய கெட்ட யோசனை அடுத்த காட்டு ராஜாவுக்கும் தோன்றியிருந்தது. நல்ல யோசனை மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுவதில்லை என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

குடிக்க அந்தச் சேற்றுக்குட்டைதான். குடித்தால் நோய் ஏறும். குடிக்காவிட்டால் நாக்கு வறளும். கிளுவை தழைகளில் விழுந்த பனியை நக்கி நக்கி மொக்கின் வாயில் விட்டது. அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? மொக்கு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் நொச்சியின் குட்டி கண் திறக்கவில்லை. நொச்சி அழவில்லை. குட்டியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

அதே நாளில்தான் மேலைக்காட்டு மேட்டில் குறிஞ்சி பூத்தது. மேடு முழுக்க நீலமாகிவிட்டது. பெருந்திமில் பெரிய விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்தது. கீழைக்காட்டு ராஜாவான கிழப்புலியும் மற்ற ராஜாக்களும் வந்து உட்கார்ந்துவிட்டன. இலக்கை அடைந்த காடுகளைப் பாராட்ட வரித்தலை வாத்துகள் வழக்கத்துக்கு முன்னதாகவே பனிமலையைத் தாண்டிப் பறந்து வந்துகொண்டிருந்தன.

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. வாத்துகள் மேலிருந்து பார்த்தன. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது மேலைக்காடு, அது கீழைக்காடு, இது புறம்போக்கு என்று தெரியுமா? கூட்டம்தான் தெரியும். எங்கே தாய்களும் குட்டிகளும் திரண்டிருக்கின்றனவோ அங்கேதான் விழா என்று வரியாள் நினைத்தது. குட்டிகளின் நலனுக்கான விழா அல்லவா, குட்டிகள் இருக்கிற இடத்தில்தானே நடக்கும்? அது நேராகப் புறம்போக்கில் வந்து இறங்கியது. மற்ற வாத்துகளும் வரிசையாக இறங்கின.

வரியாள் சிறகை மடக்கிக்கொண்டு கழுத்தை நிமிர்த்தியது.

"அன்பார்ந்த தாய்மார்களே! இலக்கை அடைந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த பாராட்டுகள்!"

யாரும் கைதட்டவில்லை. வரியாள் சுற்றிப் பார்த்தது. துவண்ட தலைகள், உள்ளே போன கண்கள், ஈ மொய்க்கிற உதடுகள். அது பேச வந்ததை மறந்துவிட்டு, இது எந்தக் காடு என்று கேட்டது.

"இது எந்தக் காடும் இல்லம்மா" என்றது கிளுவை. "அதனாலதான் எங்கள இங்க கொண்டாந்து போட்டிருக்காங்க. நீங்க சொன்ன வாசகத்துல காட்டுலன்னு இருக்காம். இங்க செத்தா எந்தக் காட்டுலயும் சாகலயாம். அப்படித்தான் உங்க இலக்க அடைஞ்சிருக்காங்க."

வாத்துகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ரொம்ப நேரம் தங்களுக்குள் பேசின. கடைசியில் வரியாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது.

"மிகவும் வருந்துகிறோம், தாயே. ஆனால் நாங்கள் காட்டு ராஜாக்கள் அழைத்ததால் வந்த விருந்தினர். அவர்கள் காட்டுக்குள் இதைச் செய் என்று உத்தரவிட எங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்த நிலமோ எங்கள் பயணத்திலேயே இல்லை."

கிளுவைக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் பனிமலையைத் தாண்டி வரத் தெரிகிறது, ஒரு முள்வேலியைத் தாண்ட அதிகாரம் இல்லையாம்! கத்தியிருக்கும். ஆனால் மடியில் மொக்கு மெல்ல முனகியது. கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. கிளுவை வரியாளின் வாசகத்தையே மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தது. காட்டுக்கு வெளியே செத்தால் கணக்கில் வராது. அப்படியென்றால் காட்டுக்குள்ளே?

"உத்தரவு போட வேணாம், அம்மா. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. விழாவுக்கு எப்படியும் போகத்தான போறீங்க? பறக்காம நடந்து போங்க. நாங்க உங்க பின்னால வர்றோம். வர்றவங்கள வராதீங்கன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

வரியாள் கொஞ்சம் யோசித்தது. நடப்பதற்கு யாருடைய அதிகாரமும் தேவையில்லை என்று அதற்குத் தோன்றியது. திரும்பி மேலைக்காட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. பின்னால் வாத்துகள், அவற்றின் பின்னால் தாய்கள். மேலைக்காட்டுத் தாய்களும் கீழைக்காட்டுத் தாய்களும் கலந்து நடந்தன. நொச்சி தன் செத்த குட்டியைப் பல் படாமல் கவ்விக்கொண்டு கடைசியாக வந்தது.

எல்லையில் காட்டுப்பன்றிகள் நின்றன. விருந்தாளிகளையும் அவர்களோடு வருகிறவர்களையும் தடுக்கக் கூடாது என்பது ராஜாவின் உத்தரவு. உத்தரவு உத்தரவுதானே! கிழட்டுப் பன்றி ஓரமாக விலகி நின்று வழிவிட்டது. அன்றைக்கு ஒரு நாளாவது அதற்கு உத்தரவு பிடித்திருந்தது.

விழா மேடையில் பெருந்திமில் முழங்கிக்கொண்டிருந்தது.

"இந்த மழைக்கு நம் காட்டில் ஒரு குட்டிகூடக் கழிச்சலால் இறக்கவில்லை என்பதைப் பெருமையோடு..."

 வாத்துகளின் பின்னால் வந்த கூட்டம் ராஜாவையும் தாண்டி, பலாப்பழக் குவியலையும் தாண்டி, நேராக மாதிரி ஊற்றுக்குப் போய் வேலியைச் சுற்றி உட்கார்ந்தது. தாய்கள் குட்டிகளை மடியில் கிடத்திக்கொண்டன.

வழுக்கன் பாய்ந்து வந்தது.

"என்ன அநியாயம் இது! வெளிய போங்க!"

கிளுவை நகரவில்லை. ராஜாக்கள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசியது.

"இப்ப நாங்க காட்டுக்குள்ள இருக்கோம். விழா முடியறதுக்குள்ள இதுல பாதிக் குட்டி செத்துப்போகும். புறம்போக்குல இல்ல, மேலைக்காட்டுல, ராஜா கண்ணு முன்னால, விருந்தாளிங்க கண்ணு முன்னால சாகும். இல்லன்னா வேலியத் திறங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

பெருந்திமில் வழுக்கனைத் திரும்பிப் பார்த்தது. வழுக்கன் அவசரமாக அதன் காதுக்குள் நாக்கை நீட்டியது. இதில் பாதிக்கு மேல் கீழைக்காட்டுக் குட்டிகள், அவை இங்கே செத்தாலும் கிழப்புலியின் கணக்கில்தான் சேரும், கவலை வேண்டாம் என்றது. மெதுவாகத்தான் சொன்னது. ஆனால் மந்தியின் காது கூர்மையானது.

"வாசகத்துல யாரோட குட்டின்னு இருக்கா, வழுக்கா?" என்றது கிளுவை. "எந்தக் காட்டிலும் ஒரு குட்டியும்னுதான இருக்கு? நீதான எங்களுக்கு வாசகம் படிச்சுக் காட்டின."

கிழப்புலி இதைக் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தது. தன் காட்டுக் குட்டிகள் அடுத்த காட்டுக் கணக்கில் ஏறப்போகிற சந்தோஷம் அதற்கு. வெட்கம் என்பது அந்த மேடையில் எந்த ராஜாவுக்கும் இல்லை. அந்தச் சிரிப்பைத்தான் பெருந்திமிலால் தாங்க முடியவில்லை.

"வேலியப் பிய்ச்செறிங்கடா!" என்று அலறியது. "தண்ணி குடுங்க! சீக்கிரம் குடுங்க! ஒண்ணுகூடச் சாகக் கூடாது!"

பன்றிகள் முள்வேலியை முட்டித் தள்ளின. கரடிகள் தேனடைகளைக் கொண்டுவந்தன. மான்கள் நக்குகிற உப்பு மண்ணை முள்ளம்பன்றிகள் தோண்டிக் கொடுத்தன. ராஜாவே ஓடி ஓடி இலையில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. பன்னிரண்டு வருஷம் செய்யாததை ஒரு மத்தியானத்துக்குள் செய்துவிட்டார்கள். அப்படியென்றால் எல்லாமே அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. எப்போதும் இருந்திருக்கிறது. இதைவிடப் பெரிய அக்கிரமம் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மொக்கு கண் திறந்தது. இன்னொரு வாய் தண்ணீர் குடித்தது. அப்புறம் சின்னக் கையை நீட்டி, தாயின் வாலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் கிளுவைக்கு அழுகை வந்தது.

வாத்துகளுக்கும் மனம் லேசாகிவிட்டது. இத்தனை குட்டிகள் பிழைத்துவிட்டன, இனி விழாவைத் தொடரலாம் என்று வரியாள் மெல்ல ஆரம்பித்தது. அப்போது நொச்சி எழுந்து முன்னால் வந்தது. வாயிலிருந்த குட்டியை வரியாளின் காலடியில் வைத்தது.

"இவன எந்தக் காட்டுல சேர்ப்பீங்க?"

பெருந்திமில் கிழப்புலியைப் பார்த்தது. கிழப்புலி வானத்தைப் பார்த்தது. வழுக்கனைக் காணோம். அது எந்தப் பொந்துக்குள் போனதோ. வரியாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. வருந்துகிறோம் என்ற வார்த்தைதான் வந்தது. அது போதாது என்று அதற்கே தெரிந்துவிட்டது போலும், பாதியில் நிறுத்திக்கொண்டது.

நொச்சியே பேசியது.

"உங்க வாசகத்துல எந்தக் காட்டிலும்னு ஒண்ணு இருக்குல்ல? அதுக்கு அடியிலதான் என் புள்ள கிடக்குறான். அத எடுத்துருங்க."

வரியாள் குனிந்து அந்தக் குட்டியைப் பார்த்தது. அந்த வார்த்தைகளைப் போட்டது அதுதான். கெட்ட எண்ணத்தில் போடவில்லை. அதற்குப் பின்னால் ராஜாக்கள் ஒளிந்துகொள்வார்கள் என்று யோசிக்காமல் போட்டுவிட்டது. பிறகு அது ராஜாக்களை ஊற்றங்கரைக்கு வரச் சொன்னது. வேலி இருந்த இடம் ஈரமாக மிதிபட்டுக் கிடந்தது. தாய்கள் எல்லாம் சுற்றி நிற்க, வரியாள் வாசகத்தைப் புதிதாகச் சொன்னது.

"ஒரு குட்டியும் கழிச்சலால் இறக்காது."

எந்தக் காடு என்ற பேச்சே அதில் இல்லை. அடுத்த குறிஞ்சி என்ற பேச்சும் இல்லை. பெருந்திமில் காலைத் தூக்கியது, தயங்கியது. அப்படியானால் புறம்போக்கு யார் பொறுப்பு என்று மெதுவாகக் கேட்டது.  தாய்கள் எல்லாம் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் அது காலை ஊன்றியது. நொச்சி தன் குட்டியை எடுத்துக்கொண்டுபோய் ஊற்றுக்குப் பக்கத்தில், மேலைக்காட்டு மண்ணிலேயே புதைத்தது. தடுக்க ஒரு பன்றியும் வரவில்லை.

உயிர்களைக் காப்பதற்காக வைத்த இலக்கை உயிர்களை ஒளித்துவைத்து எட்டுகிறவர்கள், எந்த நோயையும்விடக் கொடியவர்கள்.